ஒரே தலையில் இரண்டு சத்தியம்

சீப்பு பாதித் தலையில் நின்றுவிட்டது. முனீஸ்வரி இழுத்துப் பார்த்தாள், மகள் தர்ஷினி "ஆ" என்று கழுத்தைப் பின்னால் சாய்த்தாள், உடனே முனீஸ்வரி சீப்பை விட்டுவிட்டுச் சிக்கு விழுந்த இடத்தை விரலால் பிரிக்க ஆரம்பித்தாள், ஒவ்வொரு முடியாக, அவசரமே இல்லாதவள்போல. ஆனால் சுவரில் கடிகாரம் எட்டேகாலைத் தாண்டியிருந்தது, ஒன்பது மணிக்கு வேலுத்தாயக்கா ஆட்டோவில் வந்து வாசலில் நிற்பாள், பத்து மணிக்கு டவுனில் லேபர் ஆபீஸில் விசாரணை, என்னம்மா நடந்தது என்று கேட்பார்கள், இவள் சொல்ல வேண்டும், அல்லது சொல்லக் கூடாது. இரண்டில் எது என்று நேற்றுச் சாயங்காலத்திலிருந்து யோசித்து யோசித்து, இப்போது யோசிக்கவும் அலுத்துப்போய், கை மட்டும் தன்பாட்டுக்கு முடியைப் பிரித்துக்கொண்டிருந்தது. இந்தத் தலை. ஒன்பது வயசுத் தலை. உச்சியில் ஒரு சுழி, அதற்குக் கொஞ்சம் கீழே போன வருஷம் பள்ளிக்கூடப் படியில் விழுந்து தையல் போட்ட தழும்பு, காதுக்குப் பின்னால் எவ்வளவு எடுத்தாலும் தீராத ஈர். பெற்றவளுக்கு இதில் தெரியாத இடம் கிடையாது. இருந்தும் இன்றைக்குத் தொடவே கூசியது, அடுத்த வீட்டுப் பாத்திரத்தைக் கேட்காமல் எடுத்துப் புழங்கி நசுக்கிவிட்ட மாதிரி. பின்பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவள் புருஷன் சீனிராஜ், மில் வண்டி ஓட்டுகிறவன், காலை ஷிப்டுக்கு ஆட்களை இறக்கிவிட்டு வந்து குளித்துக்கொண்டிருந்தான். எப்போது நிறுத்துவான், எப்போது துண்டோடு வெளியே வருவான் என்று இவளுடைய ஒரு காது அங்கேயே கிடந்தது. இன்னொரு காதை மகள் விடவில்லை. "யம்மா, கேக்குறியா இல்லியா? இன்னைக்கு வார்த்தை ரினெக். ரெண்டு வாக்கியம் எழுதிட்டு வரணும். ஒண்ணுகூட வரல எனக்கு." தினம் ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் போர்டில் எழுதிப் போடுவது அந்த டீச்சருக்கு வழக்கம். எங்கிருந்துதான் பொறுக்குவார்களோ, ஒரு நாள் குடை மாதிரி லேசாக இருக்கும், ஒரு நாள் இப்படி. "அப்படின்னா என்னடி?" என்றாள் முனீஸ்வரி, கேட்க வேண்டும் என்பதற்காக. பிள்ளை நோட்டைத் தூக்கிப் பிடித்துப் படித்தது: "கொடுத்த வாக்கை மீறுதல். சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்குதல்." விரல் சிக்குக்குள்ளேயே நின்றது. இங்கிலீஷ்காரனுக்கும் இதற்கு ஒரு வார்த்தை வேண்டியிருந்திருக்கிறது என்று நினைத்தாள். அவ்வளவு தூரத்தில், அந்தக் குளிரில் இருக்கிறவனும் சொல்லியிருக்கிறான், சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறான், அவனுக்கும் மறுநாள் காலையில் யாருக்கோ தலை வாரிவிட வேண்டியிருந்திருக்கும். ஆறாம் வகுப்போடு நின்றவளுக்கு இங்கிலீஷ் என்றால் பிஸ்கட் பாக்கெட்டும் பஸ் போர்டும்தான். அதுவும்கூட இன்றைக்குத் தேடிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டது.

அவள் என்ன பார்த்தாள்? அதைச் சொல்வதானால் நூல் மில்லுக்குள் நிற்க வேண்டும். அந்தச் சத்தத்தில் நிற்க வேண்டும். வெளியிலிருந்து வருகிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள், உள்ளே இருக்கிறவர்களுக்கு முதல் ஒரு மாசம்தான் அது சத்தம், அப்புறம் வெயில் மாதிரி, வியர்வை மாதிரி, மேலே கிடக்கும் ஒன்று. அங்கே வாயால் பேச முடியாது. கையால்தான் பேசுவார்கள். வயிற்றைத் தட்டினால் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. மீசையை முறுக்கினால் மேஸ்திரி வருகிறார். விரித்த கையைக் கீழே அமுக்கினால் மிஷினை நிறுத்து. ஆள்காட்டி விரலைக் காற்றில் சுற்றினால் ஓடட்டும், நிறுத்தாதே. இரண்டு விரலைச் சேர்த்துக் கிள்ளினால் எடு. இதை யாரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கவில்லை, அறுந்த நூலை ஒட்டப் பழகும்போதே இதுவும் வந்துவிடும். ரேஷன் கடையில் "அடுத்து நான்தாங்க" என்று சொல்ல நாக்கு ஒட்டிக்கொள்ளும் முனீஸ்வரி, மாமியார் வீட்டு விசேஷத்தில் யாராவது பெயர் கேட்டால் தரையைப் பார்க்கும் முனீஸ்வரி, மில்லுக்குள் போனால் வாயாடி. எதிர் வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் கையால் கதை அளப்பாள், மேஸ்திரி நடக்கிற மாதிரி இரண்டு விரலை நடக்கவிட்டுச் சிரிக்க வைப்பாள், வேலுத்தாயக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு "போதும்டி, நூலு அறுந்துகிட்டே இருக்கு" என்று உதட்டை மட்டும் அசைப்பாள். பதினோரு வருஷமாக வேலை பார்க்கும் அக்கா, இவளுக்கு முதல் நாள் நூல் ஒட்டிக் காட்டியவள். அன்றைக்கு, இருபத்திரண்டு நாளைக்கு முன்னால், அக்காவின் மிஷின் ரோலரில் பஞ்சு சுற்றிக்கொண்டது. அக்கா விரித்த கையை அமுக்கிக் காட்டினாள், நிறுத்தட்டுமா என்று. மேஸ்திரி பத்தடி தள்ளி நின்றார். விரலைச் சுற்றினார். ஓடட்டும். அக்கா மறுபடியும் அமுக்கினாள். அவர் மறுபடியும் சுற்றினார், இந்தத் தடவை முகத்தைச் சுளித்துக்கொண்டு, அப்புறம் இரண்டு விரலைச் சேர்த்துக் கிள்ளினார். எடு. அக்கா மூடியைத் திறந்து கையை விட்டாள். அவ்வளவுதான் முனீஸ்வரி பார்த்தது. அப்புறம் நடந்ததை அவள் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணை மூடுவதற்கு முன்னால் உள்ளதுதான் அவளுடைய சாட்சி. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது, ஆள்காட்டி விரலும் அடுத்ததும். மில்லிலிருந்து லேபர் ஆபீஸுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், மிஷினை நிறுத்தாமல் தானாகவே மூடியைத் திறந்தாள், யாரும் சொல்லவில்லை என்று. எதிரே நின்றது இவள் ஒருத்திதான்.

"யம்மா, வலிக்குது, ஒரே இடத்தைப் பிடிச்சு இழுக்குற." இல்லை, இல்லை, என்று தலையைத் தடவினாள். தடவினதும் கையை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் இப்படித்தான் இந்தக் கை போய் இந்தத் தலையில் உட்கார்ந்தது. அக்கா கேட்கவே இல்லை, அதுதான் விஷயம். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி, "நீ எதிர்லதான நின்ன முனீஸு" என்றாள். "நின்னேன்க்கா." "பார்த்தியா?" "பார்த்தேன்க்கா." அக்கா ஒன்றும் சொல்லாமல் கிடந்தாள். அந்தச் சும்மா இருப்பைத்தான் இவளால் தாங்க முடியவில்லை. "விசாரணைன்னு வந்தா நான் வந்து சொல்றேன்க்கா" என்றாள். அக்கா தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தாள், கோபமில்லை, ஏளனமில்லை, ஒரு மாதிரி இரக்கம், நீயாவது பேசுறதாவது என்கிற மாதிரி. உடனே இவள் பக்கத்தில் நின்ற பிள்ளையை இழுத்து, "எம் பிள்ளை தலை மேல சத்தியமாச் சொல்றேன்க்கா" என்று கையை வைத்துவிட்டாள். சத்தமில்லாத குரலுக்கு அது ஒன்றுதான் கனம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அப்படிப் பழகிவிட்டது. இவள் பேச்சை யாரும் காதில் வாங்க மாட்டார்கள், ரெண்டாந்தரம் சொன்னால் அழுகை வரும், அதனால் பிள்ளை பிறந்ததும் பிள்ளையின் தலை ஒரு வசதியாகப் போயிற்று. கறியில் உப்புப் போட்டேன், தர்ஷி தலை மேல சத்தியம். பக்கத்து வீட்டு வாளியை நான் எடுக்கவில்லை, தர்ஷி தலை மேல சத்தியம். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வந்தேன், வேணும்னா பிள்ளை தலையில அடிச்சுச் சொல்றேன். அத்தனையும் சின்னச் சத்தியம், அத்தனையும் உண்மை, ஒரு தடவை தவிர; அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது, போய்ப் பார்த்தபோது பால் சட்டி கரிக்கட்டை. அந்த வாரம்தான் பிள்ளை பள்ளிக்கூடப் படியில் விழுந்தது. தையல் போடும்போது இவள் டாக்டரின் ஊசியைப் பார்க்கவில்லை, பால் சட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகும் விட்டாளா? விடவில்லை. நாக்கில் ஒட்டிக்கொண்டது எங்கே விடும்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. மறுபடியும் ஊற்ற ஆரம்பித்தான். இன்னும் ஒரு வாளி. இவ்வளவு நேரம் குளிக்கிற ஆள் கிடையாது, தலையை நனைத்தோமா வந்தோமா என்று இருப்பான், இன்றைக்கு அவனுக்கும் வெளியே வரப் பிடிக்கவில்லை போலும். அவனைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. அன்றைக்கு அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதே அவன் வண்டிதான், அவன்தான் வழியெல்லாம் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு போனான், திரும்பி வந்து சீட்டைக் கழுவினான், கழுவின கையோடு அரை நாள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். நேற்று மேனேஜர் அவனைக் கூப்பிட்டிருக்கிறார். திட்டவில்லை. உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். "டீ குடுத்தார்டி முனீஸு," என்று வந்து சொன்னான், "ஏழு வருஷத்துல என்னை அந்த ரூமுக்குள்ள உட்காரச் சொன்னதே கிடையாது." அந்த டீ அவன் முகத்தில் அப்படியே இருந்தது. வேறே டிரைவர் ஒருத்தர் வந்து பார்த்துவிட்டுப் போனாராம், நல்ல ஆளாம், அதையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னாராம் மேனேஜர். சாயங்காலம் பிள்ளை தரையில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தது, பக்கத்தில் இருந்த இவளிடம் வந்து குத்தவைத்து உட்கார்ந்து, "நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லலை" என்று ஆரம்பித்தான். "போகாதன்னும் சொல்லலை. போ. மேஸ்திரி என்ன சொன்னாருன்னு கேப்பாங்க. எனக்கு ஒண்ணும் கேக்கலைன்னு சொல்லு. நெசமாவே கேக்கலைல்ல? அந்தச் சத்தத்துல எவனுக்குக் கேக்கும்? அதைச் சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டு வந்துரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசக் கூடாது. உள்ளதைச் சொன்ன மாதிரியும் ஆச்சு, எனக்கும் சோறு போகாது." இவள் தரையைப் பார்த்தாள். "உன் சும்மா இருக்குறது எனக்குத் தெரியும், சரின்னு அர்த்தமா இல்லைன்னு அர்த்தமான்னு பத்து வருஷமா கண்டுபிடிக்க முடியல. இந்தா, பிள்ளை தலையில கையை வையி" என்று இவள் கையை எடுத்து அவனே கொண்டுபோய் வைத்தான். பிள்ளை திரும்பவே இல்லை, டிவியில் ஒரு பூனை ஓடிக்கொண்டிருந்தது. இவள் "சரி" என்றாள். சரி என்று சொன்னது வாய்தான், அது யார் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லும். சொல்லிவிட்டுப் போய்ச் சட்டி கழுவும்போதுதான் உறைத்தது, ஒரே தலையில் இரண்டை வைத்துவிட்டோம் என்று. உலகத்தில் வேறே எந்தக் கிறுக்கச்சியாவது இப்படிச் செய்வாளா.

ஆனால் அவன் சொன்னது எவ்வளவு சுலபமாக இருந்தது. அதுதான் நேற்றிலிருந்து இவளைப் படுத்தியது. கேட்கவில்லை என்பது உண்மை. ஒரு சொல் கேட்கவில்லை. அக்காவிடம் என்ன சத்தியம் செய்தாள், வந்து சொல்கிறேன் என்று. வருவாள், சொல்வாள், உள்ளதைச் சொல்வாள், கேட்கவில்லை ஐயா என்று. இரண்டும் நின்றுவிடும். இரண்டும் உடையாது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. பாத்திரம் கழுவும்போது அப்படித் தோன்றியது, பாய் விரிக்கும்போது அப்படித் தோன்றியது, விடிந்து பால் வாங்கப் போகும்போதும் அப்படித்தான் தோன்றியது, ஆனாலும் ஏதோ ஒரு கல் செருப்புக்குள் கிடந்தது. "யம்மா, ஒண்ணு எழுதிட்டேன்" என்றாள் தர்ஷினி. "மை ஃபாதர் ரினெக்ட் ஆன் ஹிஸ் பிராமிஸ் டு பை எ சைக்கிள்." "என்னடி அது?" "அப்பா சைக்கிள் வாங்கித் தாரேன்னு சொல்லிட்டு ஏமாத்திட்டாங்கன்னு." "அடிப் பாவி, அதையா எழுதுவ? டீச்சர் என்ன நினைப்பாங்க?" "உண்மைதான?" என்று பிள்ளை பேனாவைக் கடித்தது. "இதுக்குப் பின்னால ஆன் வரணும்மா. சும்மா ரினெக்குன்னு விட்டுறக் கூடாதாம். எதை மீறினோம்னு அது மேல வச்சுச் சொல்லணுமாம்." ஆன் என்றால் மேலே. அது இவளுக்குத் தெரியும், ஐந்தாம் வகுப்பில் மேஜைமேல் புத்தகம், பூனைமேல் என்னவோ என்று படித்தாள். பாரேன், அவர்கள் சொன்ன சொல்லின் மேலேயே வைத்துக்கொள்கிறார்கள். மீறினாலும் அது சொல்லோடு போகிறது. நாம்தான் கொண்டுபோய்ப் பிள்ளை தலையின் மேல் வைக்கிறோம். அலுப்பாக இருந்தது. வலப்பக்க முடியை மூன்றாகப் பிரித்துப் பின்ன ஆரம்பித்தாள். "மறந்துபோய்ச் செய்யாம விட்டா?" என்று கேட்டாள், ஏன் கேட்டாள் என்று தெரியாமல். "உடம்பு சரியில்லாம விட்டா?" பிள்ளை நோட்டைப் புரட்டியது. "அதுக்கெல்லாம் இந்த வார்த்தை வராதாம். தெரிஞ்சே விட்டாத்தானாம். நானும் கேட்டேன், டீச்சர் சொன்னாங்க. அப்புறம் யம்மா, சீட்டு விளையாட்டுலயும் இந்த வார்த்தை இருக்காம். போட வேண்டிய சீட்டு கையில இருக்கும்ல? இருக்கும்போதே இல்லாத மாதிரி வேற சீட்டைப் போட்டுட்டா, அதுவும் ரினெக்குத்தானாம்." "சீட்டு விளையாட்டையா சொல்லிக் குடுக்காங்க பள்ளிக்கூடத்துல?" "சும்மா சொன்னாங்கம்மா. பசங்க எல்லாம் சிரிச்சாங்க."

கையில் அந்தச் சீட்டு இருக்கும்போதே. பின்னல் நான்காவது மடிப்பில் தளர்ந்தது, அவிழ்த்துத் திரும்பப் பின்னினாள். செருப்புக்குள் கிடந்த கல் இதுதான். காது கேட்கவில்லை, சரி, கண் பார்த்ததே. பார்த்தது கையில் இருக்கிறது, அதை மடியில் மறைத்துக்கொண்டு காது என்கிற வேறே சீட்டைப் போடச் சொல்கிறான். ஆபீஸரும் காதைத்தான் கேட்பார், மேஸ்திரி என்ன சொன்னார் என்றுதான் கேட்பார், அவருக்கு எப்படித் தெரியும் அங்கே யாரும் எதையும் சொல்வதில்லை, காட்டுவதுதான் என்று. மில்லுக்குள் நிற்கிறவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. வண்டி ஓட்டுகிறவனுக்கும் தெரியாது, கேட்டோடு நிற்கிறவன். அக்காவுக்குத் தெரியும், ஆனால் அக்கா காட்டிச் சொல்ல முடியாது, சுற்றிக் காட்டுகிற விரலும் கிள்ளிக் காட்டுகிற விரலும்தான் போய்விட்டதே. இடது கையால் காட்டினாலும் பணத்துக்காகச் சொல்கிறாள் என்பார்கள். அப்போது சட்டென்று இன்னொன்று தோன்றி இவள் கொஞ்சம் நிமிர்ந்தாள். வாயைத் திறக்கக் கூடாது என்றுதானே அவனுக்குச் சத்தியம்? கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. கேட்கவில்லை என்று வாயால் சொல்லிவிட்டு, கையால் காட்டிவிட்டால்? அமுக்கி, சுற்றி, அமுக்கி, சுற்றி, கிள்ளி. ஒரு நிமிஷ வேலை. அக்காவுக்கும் ஆயிற்று, அவனுக்கும் ஆயிற்று, பிள்ளை தலைக்கும் பங்கமில்லை. ஒரு மூச்சு நேரம் அந்த எண்ணம் குளிர்ச்சியாக இருந்தது, வேர்த்த முதுகில் காற்றுப் பட்ட மாதிரி. அப்புறம் சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு வருகிறவனுக்கு முன்னால் நின்று, நான் வாயைத் திறக்கவில்லையே என்று சொல்வதை நினைத்துப் பார்த்தாள். அவன் முகத்தை நினைத்துப் பார்த்தாள். அதுவும் மடியில் சீட்டை மறைக்கிற வேலைதான், ஆள்தான் வேறே. இவனிடம் மறைத்து அவளிடம் காட்டுவது, அவளிடம் மறைத்து இவனிடம் காட்டுவது. எவ்வளவு வேலை. என்ன சொன்னோம், எதைச் சொல்லவில்லை, எந்த வார்த்தைக்குள் எது அடங்கும் என்று ராப்பகலாகக் கணக்குப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கெல்லாம் இவளிடம் தெம்பு இல்லை. எட்டு மணி நேரம் நின்ற கால், அஞ்சு மணிக்கு எழுந்த உடம்பு. பார்த்ததைச் சொல்வதானால் மனப்பாடம் செய்ய வேண்டாம். அது பாட்டுக்கு அங்கே இருக்கிறது, கண்ணை மூடினால் தெரிகிறது. ஒன்றைத் தெரிந்தே உடைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் தலை?

"யம்மா" என்றாள் தர்ஷினி, நோட்டை மூடிவிட்டு, திரும்பாமல். "எதை மீறினா எனக்கு ஆகும்?" "என்னடி சொல்ற?" "ஆஸ்பத்திரியில ஒண்ணு பண்ணின. நேத்து அப்பாகிட்ட ஒண்ணு பண்ணின. ரெண்டும் என் தலையிலதான? அந்த அத்தைக்குப் பண்ணினதை மீறினா எனக்கு ஆகுமா, அப்பாவுக்குப் பண்ணினதை மீறினா ஆகுமா?" குரலில் அழுகை இல்லை. வீட்டுப்பாடம் கேட்கிற குரல்தான். "நீ டிவிதான பார்த்துக்கிட்டிருந்த?" "பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். தலை எனக்குத்தான இருக்கு." கொஞ்சம் நின்று, "எங்கிட்டக் கேக்காமலே ரெண்டு பேரும் கையை வைக்கிறீங்க" என்றது. அப்போதுதான் இவளுக்குப் புரிந்தது, நேற்று ராத்திரி பிள்ளை தலையணை வேண்டாம் என்று கையை மடித்துப் படுத்தது, காலையில் குனிந்து புத்தகப் பையைத் தூக்காமல் காலால் தள்ளிக்கொண்டு வந்தது. விழுந்துவிடக் கூடாது என்று. தலையில் தண்ணீர்க்குடம் இருக்கிற மாதிரி நேற்றிலிருந்து நடந்துகொண்டிருக்கிறது. சுமந்தது நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே என்று முனீஸ்வரிக்கு உறைத்தது. என்ன சொல்வது? ஒன்றும் ஆகாது என்றால் பிள்ளை நம்பாது, ஏனென்றால் நம்ப வைக்க இத்தனை வருஷமாக இந்தத் தலையைத்தான் தொட்டாள். சத்தியமா ஒன்றும் ஆகாது என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது, கடித்துக்கொண்டாள். பிள்ளையைத் தன் பக்கம் திருப்பினாள். உச்சியிலிருந்து இரண்டு உள்ளங்கையையும் வைத்து, காதோரமாகக் கன்னம்வரை அழுத்தி வழித்து எடுத்தாள், திருஷ்டி கழிக்கிற மாதிரிதான், ஆனால் மெதுவாக, ஒரு பொட்டு விடாமல், தழும்பு உட்பட. வழித்ததைக் கொண்டுபோய்த் தன் நெற்றிப்பொட்டில் வைத்து மடக்கினாள். பத்து விரலும் படபடவென்று சொடுக்கு விட்டன. "ரெண்டையும் எடுத்துட்டேன். பழசு எல்லாத்தையும் எடுத்துட்டேன். இனிமே உன் தலையில ஒண்ணும் இல்லை. எது ஆனாலும் எனக்குத்தான் ஆகும்." "உனக்கு ஆகலாமா?" என்றது பிள்ளை. "எனக்கு ஆனா ஆகட்டும், எனக்குப் பழக்கம்" என்றாள். பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது, இவளுக்கும் கொஞ்சம் வந்தது, ஆனால் உள்ளே அந்தப் பயம் அப்படியேதான் இருந்தது, இடம் மட்டும் மாறி உட்கார்ந்திருந்தது.

சீனிராஜ் கைலியைக் கட்டிக்கொண்டு, துண்டால் தலையைத் துவட்டியபடி வந்து நின்றான். இரண்டாவது சடை இன்னும் பின்னவில்லை. இவள் எழுந்திருக்கவில்லை, முடியை மூன்றாகப் பிரித்துக் கையில் பிடித்தபடியே, "இங்க பாருங்க" என்றாள், "நான் பார்த்ததைச் சொல்லப் போறேன்." அவன் துவட்டுகிறதை நிறுத்தினான். "நேத்துச் சரின்னியே." "சரின்னேன். சத்தியமும் பண்ணினேன். தெரிஞ்சேதான் மீறுறேன். உங்களுக்குத் தெரியாம மீற எனக்குத் தெம்பு இல்லை." இத்தனை வார்த்தையை ஒன்றாக அவனிடம் அவள் பேசியதில்லை, அவனும் அதைத்தான் பார்த்தான் போல, வார்த்தையை அல்ல, அது வருகிற வாயை. "நாலு பேரு முன்னாடி உனக்குப் பேச வருமா முதல்ல?" என்றான், எரிச்சலாகச் சொல்ல நினைத்தது எரிச்சலாக வரவில்லை. "வராது. கையால காட்டுவேன். கேட்டா வாயாலயும் சொல்வேன், திக்கித் திக்கிச் சொல்வேன்." "வண்டி போயிரும்டி." "போகலாம்." "பிள்ளை தலைடி அது" என்றான், இப்போது குரல் உடைந்தது, வண்டியைவிட இதுதான் அவனுக்கும் பெரிது என்று இவளுக்குத் தெரிந்தது. பிள்ளைதான் பதில் சொன்னது, "என் தலையில ஒண்ணும் இல்லப்பா. அம்மா எடுத்துட்டாங்க." அவன் கையை நீட்டினான் தலையைத் தொட, பாதியில் நிறுத்தி, பிள்ளையைப் பார்த்து, "தொடலாமா?" என்று கேட்டான். பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு, "சும்மான்னா தொடு" என்றது. அவன் தொடவில்லை. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். வாசலில் ஆட்டோ ஹாரன் கேட்டது, ஒரு தடவை, அப்புறம் தயங்கி இன்னொரு தடவை, வருகிறாளோ இல்லையோ என்று கேட்கிற மாதிரி. இவள் இரண்டாவது சடையையும் பின்னி ரிப்பனைக் கட்டி முடித்து எழுந்தாள், முழங்கால் மளுக்கென்றது. செருப்பு மாட்டும்போது பின்னாலிருந்து, "பிள்ளை ஆட்டோவுல வர வேண்டாம், நான் கொண்டுபோய் விடுறேன் பள்ளிக்கூடத்துல" என்றான். கோபத்தில் சொன்னானா, விட்டுக்கொடுத்துச் சொன்னானா என்று திரும்பிப் பார்த்தாள். பிள்ளையின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சட்டை போடாமல், துண்டோடு நின்றான். ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

வெயில் அதற்குள் சுள்ளென்று விழ ஆரம்பித்திருந்தது. வேலுத்தாயக்கா ஆட்டோவில் ஒதுங்கி இடம் விட்டாள், கட்டுப் போட்ட கையை மடியில் குழந்தை மாதிரி வைத்திருந்தாள். ஏறி உட்கார்ந்ததும் முனீஸ்வரிக்கு உடம்பெல்லாம் விட்டுப்போயிற்று, இப்போதே வேலை முடித்து வந்த மாதிரி. இனிமேல்தான் எல்லாம் இருக்கிறது, ஆபீஸர் இருக்கிறார், மேஸ்திரி எதிரே உட்கார்ந்திருப்பார், சாயங்காலம் இருக்கிறது, நாளைக்கு இருக்கிறது. தெருமுனை திரும்பினதும் அக்கா, "நீ வர மாட்டேன்னுதான்டி நினைச்சேன்" என்றாள்.

"நானும் அப்படித்தான்க்கா நினைச்சேன்" என்றாள் முனீஸ்வரி.